முனியாண்டி வெயிலில் பார்த்த படம்

தோட்டத்துக் கேட்டு ஓரமாக நின்றுகொண்டு முனியாண்டி ஒரு முழம் பிலிமை வெயிலுக்கு நேராகப் பிடித்திருக்கிறான். ஒரு கண்ணை இறுக மூடியிருக்கிறான். தோளில் மாட்டிய துப்பாக்கி நழுவி முழங்கைக்கு வந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"யாருண்ணே இது, மீச வச்சிக்கிட்டு?"

"அவன்தான் வில்லன்."

"அட, சின்னதா இருக்கறப்ப நல்லவனாட்டம்தான் இருக்கான்லா."

நான் வேனுக்குள் உட்கார்ந்து சிரிக்கிறேன். பின்னால் ரப்பர் பால் ஏற்றிவந்த லாரி ஒன்று ஹாரன் அடிக்கிறது. முனியாண்டி பிலிமைப் பதமாகச் சுற்றி, டின்னை மூடி, என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறக்கிறான்.

பட உலகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டேன். விழாக்களுக்குப் போனால் மாலை போடுகிறார்கள், மலரில் என் போட்டோவைப் போட்டு, "இவர் தயாரித்த முதல் படம்" என்று ஒரு பெயரையும் அச்சடிக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. இந்தத் தொடரைப் படித்துவிட்டு சிரம்பானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார், அந்தப் படத்தில் இவ்வளவு பக்குவம் எப்படி வந்தது என்று. அம்மா, அது என் முதல் படம் இல்லை. முதல் படத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆள் வெயிலில் பிடித்துப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பகல் சினிமா

அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் சண்டை. நடுவில் மாட்டிக்கொண்டவை எங்கள் ரப்பர் தோட்டங்கள். ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட்டு, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அதற்குமேல் வெளியே தலை தெரிந்தால் சுட்டுவிடுவார்கள் என்று விடிகாலையில் பெரட்டில் நிறுத்தி ஆள் எடுக்கும்போதே, வேலை வாங்கும் மண்டோர் சொல்லி அனுப்புவார்.

இந்த லட்சணத்தில் நான் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலில் இறங்கினேன். அதற்கு முன் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தேன். திருவிழாக்கள் குறைந்து போயின. ஒலிபெருக்கியைப் போலீஸ்காரர்கள் அறிவிப்புச் செய்ய எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அது இருமிக்கொண்டே பேசியது. சரி, கிழிந்தது கிழிந்தது என்று ஒரு பழைய ராணுவ வேனும் சின்னப் புரொஜக்டரும் வாங்கினேன்.

இருட்டினால்தான் சினிமா. இருட்டினால் ஊரடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படிப் பிழைப்பது? வழி சொன்னது கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் புகைவீட்டைக் காட்டினார். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கரி. அடுப்பை அணைத்துவிட்டு, கூரை இடுக்குகளில் கோணிச் சாக்கைத் திணித்தால் உச்சிவெயிலிலும் உள்ளே கும்மிருட்டு.

அப்படித்தான் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் சினிமா காட்டினேன். கித்தா என்கிற ரப்பர் பாலின் புளித்த வாடையும் புகையும் மூக்கில் ஏறும். கதாநாயகி அழும்போது ஜனங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாதி சோகம், பாதி புகை. வெளியே வந்தால் எல்லோர் முகத்திலும் வெயில் அறையும். ஒருவரை ஒருவர் கூச்சத்தோடு பார்த்துக்கொள்வார்கள்.

டின்னைத் திறக்கும் வழக்கம்

அப்போது சாப்பாட்டுச் சாமானுக்குக் கடும் கட்டுப்பாடு. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் வெறுங்கையோடு போய் வெறும் வயிற்றோடு வரவேண்டும். டின் என்று எது இருந்தாலும் கேட்டில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி.

பிலிம் வருவதும் வட்டமான டின்னில்தான். பிஸ்கட் டின் என்று நினைத்துத்தான் முனியாண்டி முதல் தடவை அதைத் திறந்தான். அவன் அந்தக் கிராணியின் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். மரம் சீவிக்கொண்டிருந்தவனைக் காவலுக்கு எடுத்து, காக்கிச் சட்டையும் துப்பாக்கியும் கொடுத்திருந்தார்கள். காவல்காரர்களில் அவன்தான் புதுசு. அதனால் எல்லோரும் படம் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டுக் காவல் அவன் தலையில் விழுந்தது.

புகைவீட்டில் ஜனங்கள் கைதட்டும் சத்தம் கேட்டுவரை கேட்கும். அவன் மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"என்னண்ணே அவ்ளோ கைதட்டு? யாரு செத்தா?" என்று நான் திரும்பும்போது கேட்பான்.

பாவமாக இருக்கும். அதனால்தான் டின்னைச் சோதிக்கும் சாக்கில் அவனுக்கு ஒரு முழம் அவிழ்த்துக் காட்டினேன். அச்சான படத்துக்கு வெயிலால் ஒன்றும் ஆகாது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. டின்னைக் கண்டதும் அவனே திறப்பான், அவனே அவிழ்ப்பான், வெயிலுக்கு நேரே பிடிப்பான். தோட்டத்தில் எல்லோரும் சினிமாவை இருட்டில் பார்த்தார்கள். முனியாண்டி மட்டும் வெயிலில் பார்த்தான்.

மாடி அறையில் ஒரு கயிற்றுக்கட்டில்

அந்த நாளில் நான் மந்தினில், ஒரு சீனர் கோப்பிக் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சாலைத் தடுப்பு போடுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் படம் முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியை எடுப்பேன். ஜனங்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே லயத்துக்குப் போவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை. நான் போன பிறகுதான் அது சூடுபிடிக்கும்.

அறைக்கு வந்தால் ஒரு கயிற்றுக்கட்டில், ஒரு பெட்டி, சுவரில் பழைய பட விளம்பரங்கள். கீழே கோப்பி ஆற்றும் சத்தம். கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி உறவுக்காரர்கள் பேசி ஓய்ந்துவிட்டார்கள். காட்டுக்குள் இருப்பவர்கள் பதுங்கித் தாக்கும் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

நூற்றுக்கணக்கான பேரைச் சிரிக்கவைத்துவிட்டு வந்து தனியாக ரொட்டியைப் பிய்த்துத் தின்பது ஒரு விசித்திரமான பிழைப்பு. அடுத்தவர் எடுத்த படத்தைக் காட்டுவதால்தான் இந்த வெறுமை என்று நினைத்தேன். நாமே ஒரு படம் எடுத்தால், அந்தக் கைதட்டில் கொஞ்சமாவது நம்மோடு வண்டியில் ஏறி வரும் என்று தோன்றியது. தயாரிப்பாளர் ஆகும் ஆசை எனக்கு அப்படித்தான் பிடித்தது. புகழுக்காக என்று மலரில் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும்.

ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார சிப்பாய் விற்றுவிட்டுப் போன கேமரா கிடைத்தது. சாவி கொடுத்தால் ஓடும், பேசாது. பேசாவிட்டால் என்ன, புகைவீட்டில் மைக்கைப் பிடித்து நானே பேசிவிடுவேன். சிங்கப்பூரிலிருந்து கொஞ்சம் பிலிம் தருவித்தேன். எனக்கு அப்போது கட்டுப்படியானது அவ்வளவுதான்.

பயந்த முகங்கள்

அவசரகாலத்தில் எல்லோருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தார்கள். தோட்டத்துக்கே வந்து வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். எங்கள் ஜனங்களில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே போட்டோ அதுதான். ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டுமே, குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய மாதிரி இருக்கும்.

முனியாண்டியின் மனைவி அஞ்சலை ஒருநாள் தன் கார்டை என்னிடம் காட்டினாள். "இது நானாண்ணே? எங்க வீட்டுக்காரரு இதப் பாத்துட்டு, யாருடி இந்தத் திருடின்னு கேக்கறாரு."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்குக் கதை அங்கே கிடைத்துவிட்டது. ஒரு பெண் விடிகாலையில் மரம் சீவப் போகிறாள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளிக்கிறாள், நல்ல சேலை கட்டுகிறாள், காவலில் நிற்கும் புருஷனைப் பார்க்கக் கேட்டை நோக்கி நடக்கிறாள். அவனைக் கண்டதும் சிரிக்கிறாள். அவ்வளவுதான் படம். புருஷன் முகத்தைக் காட்டவே போவதில்லை. நடிக்கச் சொன்னபோது அஞ்சலை முதலில் முனியாண்டியைத்தான் கேட்கச் சொன்னாள்.

நான் கேட்டதும் அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான். "என் பொண்டாட்டி சினிமாவுலயா? எடுங்கண்ணே. ஆனா மொதல்ல எனக்குத்தான் காட்டணும். புகைவீட்டுல காட்டறதுக்கு முந்தி."

"உனக்குத்தான் முதலில்" என்று வாக்குக் கொடுத்தேன்.

படம் எடுத்த முதல் நாள், கேமரா ஓடுகிறதா என்று பார்க்க வேனுக்குள் இருந்தபடியே ஒரு துண்டு எடுத்தேன். முனியாண்டி கேட்டைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சலாம் வைப்பதுதான் அது. "என்னண்ணே உள்ள கரகரங்குது?" என்று கேட்டான். வண்டிச் சத்தம் என்று சொன்னேன்.

கடைசியில் எடுத்தது சிரிப்பு. அதில்தான் சிக்கல். நடக்கச் சொன்னால் நடந்தாள், சீவச் சொன்னால் சீவினாள். சிரி என்றதும் அடையாளக் கார்டு முகம் வந்துவிட்டது. லயத்துப் பெண்கள் கூடிநின்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியாக நான் கேட்டேன், "முனியாண்டி உன்கிட்ட முதல்முதல்ல என்ன பேசினான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அத எப்படிண்ணே சொல்றது? பின்னாலயே வந்தாரு. என்னமோ சொல்லப் போறாருன்னு நெஞ்சு அடிச்சிக்குது. ஒங்க வாளி ஓட்ட, பாலு ஒழுவுதுன்னுட்டுப் போயிட்டாரு."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை இன்றுவரை எந்த நடிகையும் எனக்குக் கொடுத்ததில்லை. சுருள் தீர்ந்து கேமரா தானாக நிற்கும்வரை அவள் சிரித்தாள்.

அனுமதி வாங்கப் போன நேரம்

பிலிம் சுருள்களைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, டின்னில் வைத்து, ஒட்டுப்பட்டை ஒட்டினேன். சிங்கப்பூரில் கொடுத்து மருந்தில் கழுவும்வரை அதில் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் எடுத்தது அத்தனையும் அழிந்துபோகும். இந்த வித்தியாசம் தொழிலில் இருந்த எனக்குத் தெரியும். அச்சான படத்தை மட்டுமே பார்த்த தோட்டத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

கேட்டில் டின்னைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் முன்யோசனையாக, திறக்காமல் கொண்டுபோக அனுமதி கேட்கலாம் என்று ஆபீசுக்கு நடந்தேன். வண்டியைக் கேட்டில்தான் நிறுத்தியாக வேண்டும். முனியாண்டி அப்போது ஒரு லாரிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கை காட்டினேன், அவனும் கை காட்டினான். தெரிந்த பையன்தானே, வண்டி பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு.

ஆபீசில் போலீஸ் சார்ஜெண்ட் நல்லபடியாகவே கேட்டார். தோட்டத்துத் துரையிடம் ஒரு வார்த்தை பேசினார். "சரி, திறக்கவேண்டாம் என்று நானே வந்து சொல்கிறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இருவரும் பேசிக்கொண்டே கேட்டுக்கு வந்தோம்.

முனியாண்டி சுட்டெரிக்கும் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். காலடியில் டின்கள் திறந்து கிடந்தன. கறுப்புக் காகிதங்கள் காற்றில் உருண்டு வேலியில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிலிம் அவன் தோளிலும் கையிலும் மாலை மாலையாகத் தொங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமே தெரியலையேண்ணே" என்றான் என்னைக் கண்டதும். "வெறும் சாம்பலாட்டம் இருக்கு. எல்லா டின்னுலயும் தேடிட்டேன். அஞ்சல எங்கண்ணே இருக்கா?"

சார்ஜெண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து என் தோளில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

வேனின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கத்தியிருக்கலாம். அவன் கண்களில் அத்தனை ஆவல். மொதல்ல எனக்குத்தான் என்று வாக்கு வாங்கியிருந்தான், அந்த உரிமையில் பார்த்தான்.

"கழுவணும் தம்பி" என்றேன். "கழுவினால்தான் முகம் தெரியும்."

"அப்டியா? அதானே பாத்தேன்!" என்று சிரித்தான். பிறகு அத்தனையையும் குழந்தைத் துணியை மடிப்பதுபோலப் பக்குவமாகச் சுற்றி, டின்களில் வைத்து மூடிக் கொடுத்தான்.

சிங்கப்பூரிலிருந்து வந்தது

நப்பாசைதான், இருந்தாலும் கழுவக் கொடுத்தேன். எல்லாச் சுருளும் தார் பூசினாற்போல் கறுப்பாக வந்தன. முதல் நாள் சுருளை மட்டும் அவன் கடைசிவரை அவிழ்க்கவில்லை போலிருக்கிறது. உள்சுற்றில் இருந்த ஒரு சின்னத் துண்டு தப்பியிருந்தது. அதை அச்சுப்போட்டுக் கொடுத்தார்கள். கேட்டைத் திறந்துவிட்டு முனியாண்டி சலாம் வைக்கிறான்.

பணத்தைச் சேர்த்து மறுபடி எடுத்துவிடலாம், அஞ்சலை எங்கே போய்விடப் போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது கேட்டில் வேறொரு காவல்காரர் நின்றார். கிராணிதான் விஷயத்தைச் சொன்னார். அஞ்சலைக்குக் காய்ச்சல் கண்டு, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவள் திரும்பி வரவில்லை.

இன்னொன்றும் சொன்னார். இறந்தவர்களின் அடையாளக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் போட்டோவை மட்டும் பிய்த்துத் தரச்சொல்லி முனியாண்டி ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறான். விதியில் இடமில்லை. யாருடி இந்தத் திருடி என்று அவன் கேலி செய்த அந்த முகமும் போய்விட்டது.

"ஒங்க படம் ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லிக்கிட்டே இருக்கான்" என்றார் கிராணி. "சீக்கிரம் கொண்டாந்து குடுத்திருங்க சார்."

அன்று மந்தின் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்காகவா, என் படத்துக்காகவா, அவனுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரிடமாவது சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். சொன்னால் எப்படியும் அது அவன் காதுக்குப் போகும். உன் பெண்டாட்டி முகத்தை உன் கையாலேயே அழித்தாய் என்று ஒருவனிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால் அதைத் தனியாகவே வைத்துக்கொண்டேன்.

ஒரு முழம்

அடுத்த ஞாயிறு முனியாண்டி கேட்டில் இருந்தான். இளைத்திருந்தான். நான் சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்தான். ஒரு கண்ணை மூடினான். வெகுநேரம் பார்த்தான்.

"இது நான்ல?"

"நீதான்."

"அவ எங்கண்ணே?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டுதான் வந்தேன். "அடுத்த டின்னில் இருக்கிறாள் தம்பி. இன்னும் கழுவி வரவில்லை."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"எதுக்கு?"

வாளி ஓட்டை என்று அவன் சொன்ன கதையைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்தியது, பிறகு கையை எடுத்தது, பிலிம் தீரும்வரை சிரித்தது எல்லாவற்றையும், மைக் பிடித்துக் கதை சொல்லும் அதே பழக்கத்தில் சொன்னேன். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். நான் தயாரித்த முதல் படத்தின் ஒரே காட்சி அதுதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அவன் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். "ஓட்டதாண்ணே அந்த வாளி" என்றான். "பொய் சொல்லல."

மழை பிடித்துக்கொண்டதால் பிறகு சில வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பப் போனபோது புதுப்படம் ஒன்று கையில் இருந்தது. ஊரெல்லாம் பேசிய படம். முனியாண்டி அடுத்த டின்னைப் பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்தே வந்தேன். அவன் கேட்கவில்லை. டின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். அரிசிச் சத்தம் கேட்கவில்லை என்று தலையாட்டிவிட்டு வண்டியில் திரும்ப வைத்தான். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"தம்பி, புதுப்படம்" என்றேன். "ஒரு முழம் பாரேன்."

"வேணாண்ணே." அவன் என்னைப் பார்க்காமல் டின்னின் மூடியை இன்னொரு முறை அழுத்தினான். "வெயிலு பட்டா போயிருமாமே."

யாரோ சொல்லியிருக்கிறார்கள். அச்சான படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று இனிச் சொல்லி என்ன, வேனில் ஏறி வண்டியைக் கிளப்பினேன். முனியாண்டி கேட்டைத் திறந்துவிட்டுச் சலாம் வைத்தான்.